கட்டிலருகே நான்கு மாணவர்கள்

அன்புள்ள ரஞ்சி,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு உயர்தரப் பரீட்சை முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே அம்மா நலம். மழையும் காற்றும் தொடங்கியதிலிருந்து மூட்டு வலிதான் விட்டபாடில்லை.

மருத்துவ மாணவர்களையும் தாதிய மாணவர்களையும் சேர்த்துப் படிப்பிப்பதால் பயன் உண்டா என்று கேட்டிருந்தாய். ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து விரிவுரை நடத்தினால் வீண்தான். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டலில், வெவ்வேறு தொழில் படிப்பவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவராகவும் கற்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறார்கள். மண்டபத்தில் அது நடக்காது. நோயாளியின் கட்டிலருகே நடக்கும், நான் கண்ணால் பார்த்தேன்.

தேயிலைக் கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர், நீரிழிவுக்காரர், மலையில் தலைசுற்றி விழுந்து வார்டுக்கு வந்திருந்தார். மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படிக்கும் நான்கு பேரை அவரிடம் அனுப்பினோம். மருத்துவ மாணவன் இரத்த அழுத்தத்தை, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளந்தான். ஒன்றும் பிடிபடவில்லை. மருந்தகவியல் மாணவி அந்த அம்மாவின் மருந்துப் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டினாள். சீனியைக் குறைக்க கிளினிக்கில் கொடுத்த கிளிக்லசைடு மாத்திரையும், டவுன் பார்மசியில் வேறு பெயரில் வாங்கிய அதே கிளிக்லசைடும் இருந்தன. இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். தாதிய மாணவி தோட்டத்துப் பிள்ளை. “பெரட்டுக்குப் போகும் முன்னே என்னம்மா சாப்பிடுவீங்க?” என்று கேட்டாள். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். வெறும் தேத்தண்ணிதான், ரொட்டி பத்து மணிக்கு மேல், மலையில் வைத்து. இரத்தத்தில் சீனி ஏன் இறங்கி அவர் விழுந்தார் என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. இயன்மருத்துவ மாணவன் அவரை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, கொழுந்துப் பையின் கயிறு நெற்றியில் விழும் இடத்தைக் காட்டச் சொன்னான். அந்தப் பாரத்தோடு சரிவில் இன்னொரு முறை தலைசுற்றினால் இடுப்பு எலும்பு போய்விடும் என்று மற்றவர்களுக்குச் சொன்னான். நால்வரில் யார் தனியாகப் போயிருந்தாலும் பாதிதான் தெரிந்திருக்கும்.

ஆனால் அன்று ஒன்று மனதை உறுத்தியது. மற்ற மூவருக்கும் தமிழ் போதாது. அதனால் தொடக்கத்தில் அந்தத் தாதியப் பிள்ளையை “இதைக் கேட்டுச் சொல், அதைக் கேட்டுச் சொல்” என்றே வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கேள்வி அவளாகக் கேட்டது. யாரும் கேட்கச் சொல்லவில்லை. மலையகத்து வார்டுகளில் இது அன்றாடம் நடக்கிறது, ரஞ்சி. தமிழ் தெரிந்த தாதி மொழிபெயர்ப்பாளராக மட்டும் ஆகிவிடுகிறார். அவருடைய தொழில் அறிவை யாரும் கேட்பதில்லை. சேர்ந்து படிக்கும் காலத்திலேயே இதைத் திருத்தாவிட்டால் பிறகு திருத்த முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அறுவைச் சிகிச்சைக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை உலக சுகாதார நிறுவனத்தார் 2008இல் கொண்டுவந்தார்களே, அதில் கத்தி வைக்கும் முன் எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு முறைகூடப் பேசியிராத வைத்தியரிடம் “கொஞ்சம் பொறுங்கள் டொக்டர்” என்று சொல்ல இளம் தாதிக்கு வாய் வராது. அதனால் இப்போது எங்கள் பயிற்சியில் முதல் வேலை பெயர் சொல்வதுதான், நோயாளியிடமும் சேர்த்து.

எல்லாரையும் ஒன்றாகச் சேர்க்க நேரசூசிதான் தலைவலி. பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் மருத்துவம் ஒரு பீடம். தாதியியலும் மருந்தகவியலும் இயன்மருத்துவமும் இன்னொரு பீடம். உங்கள் மட்டக்களப்பில் மருத்துவமும் தாதியியலும் ஒரே பீடத்தில் இருப்பதால் உனக்குப் பாதி வேலை மிச்சம். அப்புறம், புள்ளி இல்லாத எதையும் மாணவர்கள் பெரிதாக எடுப்பதில்லை. நால்வருக்கும் சேர்த்து ஒரே புள்ளி போடலாம் என்கிறேன். இங்கே சிலர் அது நியாயமில்லை என்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய்? உங்கள் வார்டுப் பயிற்சியின் புள்ளித்தாள் ஒன்றை அனுப்பு, அடுத்த கூட்டத்துக்கு முன் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மலர்