வேலையும் போய், வழக்குமா?

செம்பூர், மும்பை

அன்புள்ள சுப்பு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நாங்கள் சௌக்கியம். எங்கள் பில்டிங்கை இடித்துக் கட்டப்போவதாகப் பேச்சு. சொசைட்டி மீட்டிங்கில் டீயும் சண்டையும்தான் நடக்கிறது.

சரி, உன் மாப்பிள்ளை விஷயம். பேங்கில் விசாரணை வைத்து டிஸ்மிஸ் செய்த பிறகு போலீஸ் கேஸும் போடலாமா, ஒரே தப்புக்கு இரண்டு தண்டனை கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதே என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது, 20ஆம் பிரிவில். ஆனால் அது அவருக்குக் கைகொடுக்காது.

இங்கே மும்பைக் கோட்டைப் பகுதியில் வக்கீல் ஆபீசில் நான் ஸ்டெனோவாக இருந்தபோது இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் சீனியர் ஒரு தங்கக் கதை சொல்வார். 1949இல் ஜெட்டாவிலிருந்து சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கிய மக்பூல் ஹுசேன், நூறு தோலாவுக்கு மேல், அதாவது ஒரு கிலோவுக்கும் மேல், தங்கம் வைத்திருந்தும் வாய் திறக்கவில்லை. கஸ்டம்ஸ் பறிமுதல் செய்தது. அப்புறம் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் வழக்கும் வந்தது. தங்கமும் போய் ஜெயிலுமா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கஸ்டம்ஸ் அதிகாரி கோர்ட் இல்லை, அதனால் முதலில் நடந்தது குற்ற வழக்கே இல்லை என்று 1953இல் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஐ.சி.எஸ். அதிகாரி வெங்கடராமன் வழக்கில் துறை விசாரணைக்கும் அதே பதில். அவருக்கும் முதலில் வேலை போனது, பிறகு வழக்கு வந்தது.

ஆக, முதலில் நடந்தது கோர்ட் விசாரணைதானா என்றுதான் பார்ப்பார்கள். கோர்ட்டே விடுதலை செய்துவிட்டால் அதே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. குற்ற நடைமுறைச் சட்டத்தில் 300ஆம் பிரிவாக இருந்தது, புதிய சட்டத்தில் 337. அப்பீல் மட்டும் வேறு, அது அதே வழக்கின் தொடர்ச்சி.

கோர்ட்டில் நடந்தும் விசாரணை என்று சொல்ல முடியாமல் போவதும் உண்டு. பெஸ்ட் பேக்கரி நினைவிருக்கிறதா? 2002 குஜராத் கலவரத்தில் வதோதராவில் 14 பேர் செத்த வழக்கு. சாட்சிகள் பிறழ்ந்து, 2003இல் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலை. மறுவருஷம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணையை மும்பைக்கு மாற்றியது. 2006இல் 9 பேருக்குத் தண்டனை. 2012இல் ஹைகோர்ட் அவர்களில் 5 பேரை விடுவித்தது. இதற்கா இத்தனை பாடு என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளுக்கு ஆள் சாட்சியத்தைப் பிரித்துப் பார்த்ததால்தானே அந்த ஐந்து பேர் வெளியே வந்தார்கள்?

இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. வலுவான புது ஆதாரம் கிடைத்தால் கொலை மாதிரியான குற்றங்களில் விடுதலையானவனையும் மறுபடி விசாரிக்கலாம் என்று 2003இல் சட்டம் போட்டார்கள், அதற்கு முன்னால் விடுதலையானவர்களுக்கும் சேர்த்து. 1989 கொலையில் தப்பிய பில்லி டன்லப்புக்கு 2006இல் ஆயுள் தண்டனை கிடைத்தது இப்படித்தான். அந்த ஆள் பிற்பாடு தானே ஒப்புக்கொண்டவன், அவனுக்காக நான் பரிதாபப்படவில்லை. ஆனாலும் இன்றைய சட்டத்தை நேற்றைய தீர்ப்பின்மேல் ஏவுவது எனக்குச் செரிக்கவில்லை.

நம் ஊரில் குற்றம் நடந்த அன்றைக்கு இருந்த தண்டனைக்கு மேல் கொடுக்க முடியாது. சலுகை மட்டும் பின்னோக்கியும் போகும்: ரத்தன் லால் என்ற பதினாறு வயதுப் பையனுக்குத் தண்டனை விதித்த பிறகுதான், ஜெயிலுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட வழிசெய்யும் நன்னடத்தைச் சட்டம் அவன் பகுதிக்கு வந்தது, உச்ச நீதிமன்றம் அதையும் அவனுக்குப் பொருத்திப் பார்க்கச் சொன்னது.

மாப்பிள்ளை விவகாரம் நடந்தது, புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்னால் என்றால் பழைய ஐ.பி.சி. பிரிவுகள்தான் போட்டிருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. முக்கியமாக, பேங்க் விசாரணையில் ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டாரா என்று கேள். போட்டிருந்தால் வக்கீலிடம் மறைக்க வேண்டாம். மற்றதை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம்.

உன்,
ராமு