கோஹெய், தாய்ச்சி, அப்புறம் உன் புகார்

அன்புள்ள கௌரி,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் மாத ஆடிட், அது முடிவதற்குள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்ததில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டில் எல்லோரையும் அதட்டுகிறார். நீ சேலத்துக்கே மாற்றல் வாங்கி வந்தது நல்லதுதான், அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு இன்னும் எத்தனை நாள் பெங்களூரில் ஓட்டியிருப்பாய்.

சரி, மாங்கா விஷயம். நான் கொடுத்த ஜப்பானியச் சித்திரக்கதை 'ஐ ஹியர் தி சன்ஸ்பாட்', அதன் முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு, இரண்டு பையன்கள் சாப்பிடுகிறார்கள், நோட்ஸ் எழுதுகிறார்கள், காதல் எங்கே டி என்று கேட்டிருந்தாயே, வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா பெண்ணும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். அவள் 2024-இல் டிவி டோக்கியோவில் வந்த தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவள். பிஎல், அதாவது ஆணும் ஆணும் காதலிக்கிற கதை என்று போட்டுவிட்டு இப்படிச் சாதுவாக எழுதினால் எப்படி சித்தி, கையைப் பிடிக்கவே பஞ்சாங்கம் பார்ப்பார்கள் போலிருக்கிறதே என்று அவளுக்குக் கோபம். நீங்கள் இரண்டு பேரும் சொல்வது பொய் இல்லை. ஆனால் எனக்கு அந்தப் புத்தகம் பிடித்ததே அந்தச் சாப்பாட்டுக்காகவும் நோட்ஸுக்காகவும்தான்.

தாய்ச்சியை யோசித்துப் பார். அவன் இரக்கப்பட்டு உதவ வந்தவன் இல்லை, பசியோடு வந்தவன். தாத்தா வளர்த்த, கையில் காசில்லாத பையன், கோஹெய் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் வந்து விழுகிறான், டப்பாவைப் பார்த்ததும் கண் விரிகிறது. கோஹெய்க்குப் பள்ளி நாட்களிலேயே கேட்கும் திறன் குறைந்துபோயிருக்கிறது, வகுப்பில் பேராசிரியர் சொல்வதை எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஒருவனுக்குச் சாப்பாடு, இன்னொருவனுக்கு நோட்ஸ். கொடுக்கல் வாங்கலாக ஆரம்பித்ததால்தான் அதில் யாரும் யாருக்கும் கடன்படவில்லை. இதே கதையை வேறு யாராவது எழுதியிருந்தால் தாய்ச்சி ஒரு தியாகச் செம்மலாகியிருப்பான், நான் பத்தாவது பக்கத்தில் மூடி வைத்திருப்பேன்.

அந்த நோட்ஸ் வேலை ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் நிஜமாகவே இருக்கிறது. கேட்கும் திறன் குறைந்த மாணவர் பக்கத்தில் இன்னொரு மாணவர் உட்கார்ந்து, வகுப்பில் பேசப்படுவதை அப்போதைக்கு அப்போதே எழுதிக் காட்டுவார். பாடம் மட்டும் எழுதினால் போதாது, ஆசிரியர் நடுவில் ஒரு ஜோக் அடித்தால் அதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் வகுப்பு முழுக்கச் சிரிக்கும்போது இவர் மட்டும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருத்தன் இன்னொருத்தனுக்காக மணிக்கணக்காக இன்னொருவர் பேச்சைக் கவனித்துக் கேட்கிறான் என்றால், அதைவிடப் பெரிய காதல் காட்சி உனக்கு என்ன வேண்டும்?

என் ஆபீசில் ஹியரிங் எய்ட் போட்டிருக்கும் ஒரு அக்காவுக்கும் இதைக் கொடுத்தேன். அவருக்கு மாங்கா என்றால் என்னவென்றே தெரியாது, பிஎல் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு பையன்கள் காதலிக்கிறார்கள் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. காதில் விழாமல் போனது உன் தப்பா என்ன, விழவில்லை என்றால் திரும்பக் கேளேன் என்று கோஹெய்யிடம் தாய்ச்சி கத்துகிற இடத்தில் மட்டும் நின்றுவிட்டார். திரும்பக் கேட்டால் எல்லோரும், ஒன்றுமில்லை விடுங்கள் என்று கையை ஆட்டிவிடுகிறார்களாம். அந்த 'ஒன்றுமில்லை'தான் தன்னை அதிகம் அழ வைத்திருக்கிறது என்றார். கருவி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம், அது பேச்சோடு ஃபேன் சத்தத்தையும் தட்டு உருளும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கித் தருகிறதாம். கல்யாண வீட்டுக்குப் போனால் கழற்றி வைத்துவிடுவாராம்.

கோஹெய் ஏன் அப்படி ஒதுங்கியே இருக்கிறான் என்று நீ கேட்டதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. அவனுக்குக் காது கேட்கிறவர்கள் கூட்டத்திலும் இடமில்லை, சைகை மொழியிலேயே வளர்ந்தவர்கள் கூட்டத்திலும் இடமில்லை. இது கதைக்காகச் செய்த சோகம் இல்லை. ஜப்பானில் செவித்திறன் குறைபாட்டுக்கு அரசு அட்டை வேண்டுமென்றால் பொதுவாக இரண்டு காதிலும் 70 டெசிபலுக்குக் கீழே உள்ள சத்தம் கேட்காத நிலை இருக்க வேண்டும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவுதான். பக்கத்தில் இருப்பவர் பேச்சு பிடிபடாமல் தவிக்கிறவர்கூட அட்டைக்கு வெளியே நின்றுவிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கே அமலுக்கு வந்தது 2016 ஏப்ரலில், முதல் புத்தகம் வந்தது 2014-இல். இந்த மாங்காவை எழுதிய ஃபுமினோ யூகி இதையெல்லாம் விளக்கம் சொல்லி நிறுத்தாமல், ஒரு பையன் ஏன் தனியாகச் சாப்பிடுகிறான் என்பதில் வைத்துவிட்டார்.

எனக்கு ஒத்துவராததும் உண்டு. அடுத்த புத்தகங்களில் மாயா என்று ஒரு பெண் வருவாள், அவளுக்கும் கேட்கும் குறைபாடு உண்டு. கோஹெய் மேல் ஒட்டுதல், தாய்ச்சி மேல் எரிச்சல். பிஎல் கதைகளில் பெண் வந்தாலே இடைஞ்சல் செய்யத்தான் வருவாள் என்ற பழைய வழக்கம் இங்கேயும் எட்டிப் பார்க்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. போகப்போக அவளுக்கும் ஒரு மனசைக் கொடுத்திருக்கிறார் என்பது வேறு விஷயம். அப்புறம் தாய்ச்சி படிப்பை நடுவில் விட்டுவிட்டு வேலைக்குப் போன பிறகு, இவன் நல்லதுக்கு என்று அவனும், அவன் நல்லதுக்கு என்று இவனும் வாயைத் திறக்காமல் முடிவெடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக இழுக்கிறார்கள். திரும்பக் கேள் என்று கத்தியவனே கேட்காமல் இருந்தால் எப்படி? ஆபீஸ் அக்கா இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அதுதான் நிஜம், மனிதர்கள் தனக்கு நெருக்கமானவர்களிடம்தான் கேட்கப் பயப்படுவார்கள் என்கிறார். எனக்குப் பாதி சமாதானம்தான்.

ஆண்களின் காதலைப் பெண்கள் ஏன் எழுதுகிறார்கள் என்று நீ கேட்டது ஜப்பானிலேயே ரொம்ப நாளாக ஓடுகிற சண்டை. 1970களில் பெண்களுக்கான மாங்கா எழுதிய பெண்கள்தான் இதை ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவரான தகேமியா கேய்கோவின் தொடர் 1976-இல் தொடங்கியது, அந்தக் காலத்துக் கதைகளில் பையன்கள் அழகாக இருப்பார்கள், துன்பப்படுவார்கள், பலர் செத்தும் போவார்கள். 1992-இல் சாத்தோ மசாகி என்ற தன்பாலீர்ப்புச் செயற்பாட்டாளர் ஒரு பெண்ணியச் சிற்றிதழில், எங்களை உங்கள் பொழுதுபோக்குக்குப் பொம்மையாக்குகிறீர்கள் என்ற பொருளில் காரமாக எழுதி, அது பெரிய விவாதமானது. நம்மைப் போன்ற வாசகிகளுக்கும் அது உறைக்க வேண்டிய கேள்விதான்.

அந்தக் கேள்வியோடு இந்த மாங்காவைத் திரும்பப் படித்தேன். பொம்மை என்ற குற்றச்சாட்டு இதில் ஒட்டவில்லை, இரண்டு பேருக்கும் பசியும் பரீட்சையும் வேலையும் இருக்கிறது. ஆனால் இவர்கள் காதலைப் பற்றிச் சுற்றியிருக்கிற உலகத்துக்கு அவ்வளவாக அக்கறையே இல்லை, காதுப் பிரச்சினைக்கு இருக்கிற எடை இதற்கு இல்லை. அக்கா பெண்ணுக்கு அது நிம்மதியாக இருக்கிறதாம், ஒரு கதையிலாவது யாரும் வந்து திட்டாமல் இருக்கட்டுமே என்கிறாள். அவள் வயதுக்கு அது சரி. எனக்கு அது கொஞ்சம் வசதியான ஏற்பாடாகத் தெரிகிறது, ஜப்பான் இன்னும் தன்பாலினத் திருமணத்துக்கே அங்கீகாரம் தராத நிலையில்.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிய வேண்டும். அதனால் மிச்சப் புத்தகங்களைக் கூரியரில் அனுப்புகிறேன், எல்லாம் அக்கா பெண்ணுடையவை. காபி டம்ளரை மேலே வைத்துவிடாதே, அவள் என்னைக் கொன்றுவிடுவாள். மாயா வரும் இடத்தை முடித்ததும் உடனே எழுது, முழுதும் படித்து முடிக்கக் காத்திருக்காதே. அம்மாவையும் கேட்டதாகச் சொல். டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார் என்று எழுதியிருந்தாயே, சண்டை போடாமல் ஒரு தடவை ஈஎன்டி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
விஜி