மாவடை மரவடை

கோவில்பட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. ஓய்வு பெற்றபின் மாடி அறையை ஒழித்து, மேசை வாங்கிப் போட்டு, விடியுமுன்பே அதன் முன் அமர்ந்தும் ஒரு பக்கம்கூட நகரவில்லை என்று எழுதியிருந்தாய். நேரமில்லை என்று முப்பது ஆண்டுகள் ஏங்கியவனுக்கு, நேரம் முழுவதும் கைக்கு வந்தபின் எழுத்து ஏன் வரவில்லை என்ற உன் கேள்வி என்னை விடவில்லை. நானும் ஓய்வு பெற்ற முதல் எட்டு மாதங்கள் அப்படித்தான் இருந்தேன். உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

சென்ற ஆடியில் பக்கத்து வீட்டுக்காரர் பழைய பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, படித்துப் பொருள் சொல்லும்படி கேட்டார். சார்பதிவாளர் அலுவலகத்திலேயே காலம் கழித்தவனுக்கு அந்த மொழி மனப்பாடம். நான்கு எல்லைகளையும் வாசித்து, நிலத்தோடு அதிலுள்ள மரங்களும் புதையலும் சேர்த்தி என்று சொல்லும் ‘மாவடை மரவடை, நிதி நிக்ஷேபம்’ என்ற இடத்துக்கு வந்தபோது குரல் நின்றுவிட்டது. மறந்தே போயிருந்த ஒரு பெண்மணியின் முகம் எதிரே வந்தது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் பெண்மக்களுக்குச் சொத்தில் பங்கு தந்தன. அந்தப் பங்கு வேண்டாம் என்று அவர்களிடம் எழுதி வாங்குவதற்கு விடுதலைப் பத்திரம் இருந்தது. தொண்ணூறுகளில் எங்கள் மேசைக்கு அது வராத வாரமே இல்லை. அப்படி ஒரு நாள், தம்பிகள் இருவருக்கு நடுவே அறுபது வயது மதிக்கத்தக்க அக்காள் ஒருத்தி, மடிப்புக் கலையாத புதுச் சேலையில் வந்து நின்றாள். நான் பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். இடது பெருவிரலில் மை தடவும்போது, “கெணத்தடி மாமரமும் இதுல சேர்த்தியாய்யா?” என்று மெல்லக் கேட்டாள். “மாவடை மரவடை எல்லாம் சேர்த்திதான் அம்மா” என்றேன். தம்பிகள் பக்கம் அவள் திரும்பவில்லை. “நான் வச்ச மரம்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு விரலை ஊன்றினாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அந்த நாட்களில் என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு இருக்கும், உனக்கு நினைவிருக்கலாம். கதைக்கு உதவும் என்று மழையையும் நிலவையும் பேருந்து நிலையத்து முகங்களையும் அதில் எழுதி எழுதி நிரப்பினேன். அவற்றில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. குறிப்பேட்டில் ஏறாத இவள் மட்டும் கால் நூற்றாண்டுக்கு மேல் எனக்குள் இருந்திருக்கிறாள். மற்றவற்றையெல்லாம் நான் கதைக்காகப் பார்த்தேன். இவளிடமோ ஓர் அலுவலக எழுத்தனாக மட்டுமே இருந்தேன், அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன், அந்த மாமரம் அவள் கையை விட்டுப் போனதில் என் குரலுக்கும் பங்கு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நம் இடைசெவல் எழுத்தாளர் கு. அழகிரிசாமி சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போகுமுன் சிறிது காலம் என் துறையில்தான் எழுத்தராக இருந்தார். அசோகமித்திரன் 14 ஆண்டுகள் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். அதை விட்டபின் தியாகராய நகரில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். எனக்கு எல்லோரையும்விட நெருக்கமாகத் தோன்றுபவர் ஆ. மாதவன். திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டு, அந்தக் கடைத்தெருவின் மனிதர்களையே வாழ்நாள் முழுவதும் எழுதினார். ஒரு வரியின் நடுவில் விலை கேட்டு ஆள் வந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்கத்தானே வேண்டும்? அந்த எழுந்திருத்தலை நாம் இடையூறு என்று எண்ணினோம். அதுதான் நம்மை மனிதர்களிடம் கொண்டுபோய் நிறுத்தியது என்பது வேலை முடிந்தபின் அல்லவா தெரிகிறது!

ஆகவே இப்போது காலை இரண்டு மணி நேரம் மட்டும் எழுதுகிறேன். பத்து மணிக்குக் கிளம்பி, தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து, முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைபவர்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுக்கிறேன். சொல்ல வேண்டியதை ஒரு பக்கத்தில், தாசில்தாருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும் என்பதால் என் வாக்கியங்களும் திருந்தியிருக்கின்றன.

அந்தப் பெண்மணியின் கதையை முடித்துவிட்டேன், பதினொரு பக்கம். இரண்டு முறை அவள் மனத்துக்குள் புகுந்து எழுதிக் கெடுத்தேன். மூன்றாம் முறை, பத்திரம் வாசிக்கும் எழுத்தனின் பக்கம் நின்று எழுதியபோதுதான் கதை நடந்தது. படி எடுத்து அடுத்த வாரம் அனுப்புகிறேன், தயவு பாராமல் திருத்து.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நாம் மதுரையில் ஒரே அறையில் இருந்தபோது, ஓர் இரவு டிக்கெட் ஜன்னலிலிருந்து வந்து, சாப்பிடாமல் படுத்தாய். சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணிய ஒருவர், பன்னிரண்டு ரூபாய்க்கு எந்த ஊர் வரை போகலாம் என்று உன்னைக் கேட்டதாகச் சொன்னாய். நான் அன்று தூக்கத்தில் ‘உம்’ கொட்டிவிட்டேன். நீ அவருக்கு எந்த ஊருக்கு டிக்கெட் கொடுத்தாய்?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்