நாலு பேர், ஒரு ஆல்பம்

அன்புள்ள கயலுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ரெக்கார்டிங்கில் வாசித்த சோலோவை மேடையிலும் அப்படியே வாசிக்கச் சொன்னதற்கு உங்கள் குழுவின் கிட்டார் பையன் முறைத்துக்கொண்டு போய்விட்டான் என்றாயே, இதே சண்டை 1978-லேயே ஒரு முறை நடந்துவிட்டது. என் கேசட் பெட்டியில் 'யு.கே.' என்று ஒன்று கிடக்குமே, அந்த இங்கிலாந்துக் குழுவில்தான்.

கிங் கிரிம்சன் என்ற ராக் குழு 1974-ல் கலைந்தது. அதில் பாடி, பேஸ் வாசித்த ஜான் வெட்டனும் டிரம்மர் பில் புரூஃபோர்டும் புதிதாக ஒன்று தொடங்கப் பார்த்தார்கள். கீபோர்டு வாசிக்கும் ரிக் வேக்மனோடு முயன்றார்கள், சரிப்படவில்லை. அப்புறம் 1977-ல், ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வருவது என்று ஏற்பாடு. வெட்டன் கூட்டி வந்தது எடி ஜாப்சனை. கீபோர்டு, கூடவே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஒரு எலெக்ட்ரிக் வயலின். புரூஃபோர்டு கூட்டி வந்தது கிட்டாரிஸ்ட் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தை. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று அன்றைக்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது என்பது என் கணக்கு.

ஆனால் 1978-ல் வந்த அந்த முதல் ஆல்பம் இருக்கிறதே! முதல் பாட்டே ஏழு எண்ணிக்கையில் ஓடும். நான் தொடையில் மிஸ்ர சாப்பு போட்டுக்கொண்டு கேட்பேன், உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நடுவில் ஹோல்ட்ஸ்வொர்த்தின் சோலோ வரும். கிட்டார் என்றே தோன்றாது, யாரோ மூச்சு விடாமல் ஊதுவது போல வழுக்கிக்கொண்டு போகும்.

அதையே ஊர் ஊராக அப்படியே திருப்பி வாசி என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? ஜாஸ் பக்கம் சாய்ந்தவர், ஒவ்வொரு ராத்திரியும் புதிதாகத் தேடுகிறவர். வெட்டனுக்கும் ஜாப்சனுக்குமோ பாட்டு, பதிவான பாட்டாகவே நிற்க வேண்டும். இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. அந்த வருஷக் கடைசியோடு ஹோல்ட்ஸ்வொர்த்தும் போனார், புரூஃபோர்டும் போனார்.

மிச்சம் இருந்தவர்கள் வேறு கிட்டாரிஸ்டைத் தேடவே இல்லை. அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸப்பாவிடம் வாசித்த டெரி போஸியோவை டிரம்ஸுக்கு வைத்துக்கொண்டு மூன்று பேராகவே 1979-ல் இரண்டாவது ஆல்பம் போட்டார்கள்; ஜப்பானில் வாசித்த கச்சேரியும் பதிவாக வந்தது. 1980-ல் கடை கட்டியாயிற்று. வெட்டன் பிற்பாடு ஏஷியா என்ற குழுவில் சேர்ந்தார். 1982-ல் அவர்களுடைய முதல் ஆல்பம் அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. சின்னச் சின்னப் பாட்டுகள். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

வெட்டனும் ஹோல்ட்ஸ்வொர்த்தும் 2017-ல் சில மாத இடைவெளியில் காலமானார்கள். அப்போது ஒரு நாள் இந்த யு.கே. கேசட்டைப் போட்டேன், ப்ளேயர் நாடாவைத் தின்றுவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கேட்கலாம்.

அது சரி, உன் ஆம்ப்ளிஃபயர் அந்தப் பையன் வீட்டில்தானே இருக்கிறது? போய் எடுத்து வந்துவிடு. போகிற போக்கில் அவன் இப்போது என்ன வாசிக்கிறான் என்றும் கேட்டுவிட்டு வா.

அன்புடன்,
அப்பா