கெலிடம்

திருப்பாப்புலியூர்,
தை 8

டேய் மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட லெட்டருக்கும் பதில் போடல, பொங்கல் வாழ்த்துக்கும் போடல. திட்டுறதை நேர்ல வந்து திட்டிக்கோ. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நம்ம தபேலா ரெண்டாவது கடை திறந்துட்டான். கடன் சொன்னா இன்னும் அதே மூஞ்சி.

விஷயம் வேற. பஸ்ஸு கெடிலம் ஆத்துப் பாலத்துல ஏறினதும் சின்னவ ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டு, "கெலிடம் வந்தாச்சு"ன்னு கத்துவா. கண்டக்டரே சிரிப்பார். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும், "கெலிடம் இல்லம்மா, கெ-டி-லம்". எட்டு மாசமா இதே பாட்டு. வாத்தியார் வீட்டுப் புத்தி! "நாலு வயசுதானே, தானா வரும் விடுங்க"ன்னு இவ தலையில அடிச்சுக்கிட்டா. விட்டேனா?

தை அஞ்சு ஆத்துத் திருவிழாவுக்குப் பெண்ணையாத்துக்குக் கிளம்பினோம். பாலம் வந்துச்சு. "கெடிலம் வந்தாச்சு"ன்னா. சுத்தமா. யாரும் சிரிக்கல. இவ என்னைத் திரும்பிப் பார்த்தா பாரு ஒரு பார்வை. ஜெயிச்சவன் மாதிரியா இருந்தேன் நான்? எங்கேயோ பர்ஸைத் தொலைச்சவன் மாதிரி இருந்துச்சு. அந்தக் "கெலிடம்" என் போன்ல ஒரு இடத்துலகூட இல்லடா. தேடிட்டேன்.

ஆத்துல வழக்கம்போலக் கூட்டம். ஊர் ஊரா சாமிங்க தீர்த்தவாரிக்கு வந்து நிக்குது. வழக்கமா நான், "சீக்கிரம், பஸ்ஸு கிடைக்காது"ன்னு விரட்டுற ஆளு. அன்னைக்கு மணல்ல உட்கார்ந்துட்டேன். சுருளிக்கிழங்கைத் தோல் உரிச்சு உரிச்சுக் குடுக்க, ரெண்டும் தின்னுச்சுங்க. "லோன் முடியட்டும், நிம்மதியா சுத்தலாம்"னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருக்கேன்ல? அது முடியறது 2039-ல. சின்னவளுக்கு அப்போ பதினேழு. என்கூட ராட்டினம் ஏற வருவாளா?

உனக்கு 2011-ல வந்த "தானே" புயல் ஞாபகம் இருக்கா? டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்துச்சே. எங்க தெருவுல பன்னெண்டு நாள் கரண்ட் இல்ல. கரண்ட் இல்லாததால டியூஷனும் இல்ல. உன்னை மாதிரி தறுதலைங்களுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தே ஓய்ஞ்ச எங்கப்பா, முதல் தடவையா சாயங்காலத்துல எங்களோட திண்ணையில உட்கார்ந்தார். சின்ன வயசுல கெடிலத்துல நீச்சல் பழகின கதை. வெள்ளம் இழுத்துக்கிட்டுப் போற இடத்துக்கு வந்திருந்தார். கரண்ட் வந்துச்சு. மறுநாளே டியூஷன். மீதிக் கதையை நான் கேட்கவும் இல்ல, அவர் சொல்லவும் இல்ல. இனிமே யாரைப் போய்க் கேட்கிறது?

சரி, அழுமூஞ்சி போதும். இன்னும் ஒண்ணு மிச்சமிருக்கு. நம்ம ஊரை அவ "திருப்பாப்பாப்புலி"ங்கிறா. நேத்து பெரியவன் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, "அது தப்பு, திருப்பாதிரிப்புலியூர்"னு ஆரம்பிச்சான். அப்படியே எங்கப்பா! வாயைப் பொத்தி வெளியே தூக்கிட்டுப் போயிட்டேன்.

மே மாசம் வர்றேல்ல? வந்து உன் தமிழைக் காட்டி வெச்சிடாதே.

உன்
மூணாம் பெஞ்சு

(இவ உன் லெட்டரைப் படிச்சுட்டு, கையெழுத்து இன்னும் தேறலன்னு சொல்லச் சொன்னா.)