பத்தாவதில் ஏபி பிரீகால்குலஸ்: நம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நான் உங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஏழாம் நிலைத் தமிழ் சொல்லித்தருபவள். பிப்ரவரி பிறந்துவிட்டால், வகுப்பு முடிந்து கூட்டிப்போக வரும் உங்களில் பலர் கார் நிறுத்தும் இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பது ஒரே கேள்விதான்: "அடுத்த வருஷம் ஏபி பிரீகால்குலஸ் போடலாமா?" ஏபி என்றால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடக்கும் பாடம்; பிரீகால்குலஸ் என்பது கால்குலஸுக்கு (நுண்கணிதத்துக்கு) முந்தைய கணக்கு. இதுவரை நின்ற வாக்கில் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது போதாது என்று மனதை உறுத்தியதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏபி பாடங்களை வகுத்துத் தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு அந்தப் பாடத்தை 2023-24இல்தான் தொடங்கியது. என் மூத்தவள் அப்போது பத்தாவது. ஏபி உலக வரலாறு, ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபில்ஸ் என்று இரண்டு ஏபி ஏற்கெனவே எடுத்திருந்தாள். "கணக்குக்கு ஆனர்ஸ் பிரீகால்குலஸ் போதும்மா" என்றாள். ஆனர்ஸ் என்றால் சாதாரண வகுப்பைவிடக் கடினமாக, ஏபி தேர்வு இல்லாமல் பள்ளியே நடத்தும் வகுப்பு. நான்தான் விடவில்லை. புதிதாக வந்திருக்கிறது, பேரிலேயே ஏபி இருக்கிறது, அவள் தோழிகள் எல்லாரும் எடுக்கிறார்கள். இவள் மட்டும் பின்தங்கிவிடுவாளோ என்ற பயம் எனக்கு.

அக்டோபருக்குள்ளேயே தெரிந்துவிட்டது. இரவு பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்தால், சாப்பாட்டு மேசையில் வரலாற்று நோட்டின் மேல் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு அப்படியே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை காலையில் எழுப்ப மனசு வராது. ஒரு வாரம் தமிழ் வகுப்பு போயிற்று, அப்புறம் இரண்டு வாரம், ஜனவரியில் நின்றேவிட்டது. ஐந்து வயதிலிருந்து விடாமல் வந்த பிள்ளை. ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர நான் கிளம்பும்போது என் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

மே மாதத் தேர்வில் 5க்கு 4 வாங்கினாள். நல்ல மதிப்பெண்தான். ஆனால் அவள் படிக்க விரும்புவது இன்ஜினியரிங். அங்கே கணக்கு கால்குலஸிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முந்தைய பாடத்தில் கிரெடிட் (கல்லூரியில் அந்தப் பாடத்தை முடித்ததாகவே எடுத்துக்கொள்வது) கிடைத்தாலும் படிப்பு ஒரு நாள்கூடக் குறையாது. எம்ஐடி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏபி கணக்குத் தேர்வுகளில் அவர்கள் கிரெடிட் கொடுப்பது கால்குலஸ் பிசிக்கு (ஏபி கால்குலஸில் மேல்நிலைப் பாடம்) மட்டும்தான், அதுவும் 5 வாங்கினால். இதையெல்லாம் நான் விசாரித்தது எல்லாம் முடிந்த பிறகு.

கலிபோர்னியாவில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. யூசி (கலிபோர்னியப் பல்கலைக்கழக) கல்லூரிகள் தகுதி பார்க்கும் ஜிபிஏவில் (மதிப்பெண் சராசரியில்) ஏபி, ஆனர்ஸ் பாடங்களுக்கான கூடுதல் புள்ளியை மொத்தம் 8 செமஸ்டருக்குத்தான் சேர்ப்பார்கள். அதில் பத்தாவதிலிருந்து 4 செமஸ்டருக்கு மேல் வராது. வருடம் முழுக்கப் படிக்கும் ஒரு ஏபி என்றால் 2 செமஸ்டர். ஆக, என் மகளுக்குப் பத்தாவதின் ஒதுக்கீடு மற்ற இரண்டு ஏபியிலேயே தீர்ந்துவிட்டது. மூன்றாவதால் அந்த ஜிபிஏ ஒரு புள்ளிகூட ஏறாது. ஏபியில் பி வாங்கினால் 4 புள்ளி, சாதாரண வகுப்பில் ஏ வாங்கினாலும் அதே 4 என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரான கவுன்சலர் கல்லூரிக்கு அனுப்பும் அறிக்கையில் பிள்ளையின் பாடச்சுமை எவ்வளவு கடினமானது என்று ஒரு கேள்வி இருக்கிறது, ஆனர்ஸ் எடுத்தால் அங்கே அடிபடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கவலை. அது அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன என்பதோடு ஒப்பிட்டுச் சொல்லும் பதில். ஆகவே எங்களிடம் கேட்காமல் உங்கள் கவுன்சலரிடமே நேராகக் கேளுங்கள். சில பள்ளிகளில் ஆனர்ஸை நீக்கிவிட்டு ஏபியை மட்டும் வைத்திருக்கிறார்கள். அங்கே குழப்பமே இல்லை, எடுக்கட்டும். மே மாதத் தேர்வை எழுதுவதா, அதற்குக் கிட்டத்தட்ட 100 டாலர் கட்டுவதா என்பதை நவம்பரில் முடிவு செய்துகொள்ளலாம்.

பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு அலகுகள்: பல்லுறுப்புச் சார்புகள், அடுக்கும் மடக்கையும், முக்கோணவியல், கடைசியில் வெக்டரும் அணிகளும். அந்த நான்காவது தேர்வில் வராது என்பதால், அவசரத்தில் அதைத் தொடாமலே விட்டுவிடும் வாய்ப்பு உண்டு. நல்ல ஆனர்ஸ் வகுப்பில் அதையும் நிதானமாக நடத்துவார்கள். கால்குலஸ் பிசிக்குப் போகிற பிள்ளைக்கு அது குறைந்த பாதை ஆகிவிடாது. பன்னிரண்டாவதில் கடைசிக் கணக்குப் பாடமாக இதை எடுத்துவிட்டு, வரலாறோ இலக்கியமோ படிக்கப்போகும் பிள்ளைக்குத்தான் உண்மையில் ஏபி லாபம். கல்லூரியில் கட்டாயக் கணக்குப் பாடம் ஒன்றை இதை வைத்துக் கழித்துக்கொள்ள சில இடங்களில் வழி இருக்கிறது.

இப்போது என் சின்னவன் ஒன்பதாவது. ஆல்ஜிப்ரா 2 படிக்கிறான். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. காலேஜ் போர்டு வெளியிட்டிருக்கும் பழைய வினாத்தாளிலிருந்து மூன்றாவது கேள்வியை மட்டும் அச்செடுத்து அவன் முன்னால் வைத்தேன். விரிவாக எழுதும் நான்கு கேள்விகளில் அது எப்போதும் ஒரே வகை: திரும்பத் திரும்ப நடக்கும் ஏதோ ஒன்றைச் சொல்லி, சைன் வளைவில் ஐந்து புள்ளிகளைக் குறித்துக் கொடுத்து, சமன்பாட்டின் நான்கு எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கால்குலேட்டர் கிடையாது. சின்னவன் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான். பிறகு எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, விளிம்பில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, மேசைமேல் மெதுவாக உருட்டினான். புள்ளி மேலே போய்க் கீழே வருவதைப் பார்த்து வளைவை வரைந்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு எண் தப்பு. ஆனால் "இன்னொன்னு இருக்காம்மா?" என்று கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காள்காரி, "எனக்கு இதை ரசிக்கவே நேரமில்லை" என்றாள்.

அன்றிரவே ஒரு காகிதத்தில் வாரத்தின் ஏழு நாளையும் கோடு போட்டு, தூக்கத்தை முதலில் எழுதி, அப்புறம் பள்ளி, ஓட்டப் பயிற்சி, தமிழ் வகுப்பு என்று நிரப்பச் சொன்னேன். ஏபி பிரீகால்குலஸும் ஏபி உலக வரலாறும் சேர்ந்து அதில் அடங்கவில்லை. அவனாகவே வரலாற்றைச் சாதாரண வகுப்புக்கு மாற்றிக்கொண்டு கணக்கில் ஏபி எடுக்கிறான். அது அவன் முடிவு. உங்கள் மகளோ மகனோ அதே காகிதத்தைப் பார்த்து நேர்மாறாக முடிவெடுக்கலாம். அப்படி எடுத்தால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

அந்த மூன்றாவது கேள்வியை முப்பது பிரதி எடுத்து என் வகுப்பறை மேசையில் வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஏழாம் நிலை ஆசிரியை