காரைத் தேடுமுன் நெஞ்சை அழுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு காவடித் திருநாளன்று டர்பனில் ஒரு கோயிலின் அன்னதானக் கூடத்தில், வரிசையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் திடீரெனச் சாய்ந்தார். சிலர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், சிலர் திருநீறு பூசினார்கள்; அதற்குள் நான்கு பேர் அவரைத் தூக்கிக் காரின் பின்னிருக்கையில் கிடத்தி மருத்துவமனைக்கு விரைந்தோம். நெரிசலைக் கடந்து போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. "யாராவது நெஞ்சை அழுத்தினீர்களா?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். எவரும் அழுத்தவில்லை. பெரியவர் பிழைக்கவில்லை.

மாரடைப்பு வேறு, இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு என்பதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை. முன்னதில் இதயத்தின் இரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலியைச் சொல்வார். பின்னதில் நினைவு உடனே தப்பிவிடும். நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதுபடத் தொடங்கும். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. அந்தப் பெரியவரிடமிருந்து விட்டுவிட்டு வந்த திணறலை மூச்சு என்று நம்பி ஆறுதல் அடைந்தோம். அதுவே துடிப்பு நின்றதன் அடையாளம் என்று பின்னரே தெரிந்தது. ஒருவர் தென்னாப்பிரிக்காவின் ஆம்புலன்ஸ் எண்ணான 10177-ஐயோ, கைப்பேசியிலிருந்து 112 எண்ணையோ அழைக்க, மற்றொருவர் விழுந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஓடும் காரின் மெத்தை இருக்கையில் இதைச் சரிவரச் செய்யவே முடியாது.

டென்மார்க்கில் 2005-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் 2006-இல் ஓட்டுநர் உரிமம் கோருவோருக்கும் இப்படி நெஞ்சை அழுத்தும் பயிற்சி கட்டாயமாயிற்று. அங்கே 2001-இல், மருத்துவமனைக்கு வெளியே துடிப்பு நின்றவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கே அருகிலிருந்தோரின் உதவி கிடைத்தது. 2010-இல் அது 45 ஆக உயர்ந்தது. பிழைத்தோர் விகிதமும் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. இதய நோயும் சர்க்கரை நோயும் மிகுந்த நம் சமூகத்தில், அரசு சட்டம் கொண்டுவரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாரக் கடைசித் தமிழ் வகுப்பில் அரைமணி நேரம் போதும். இத்தகைய நிகழ்வுகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே நேர்வதால், பிள்ளைகள் கற்பது முதலில் அவரவர் தாத்தா பாட்டிக்கே உதவும்.

கோயில்களில், இதயத்தை மீண்டும் சீராகத் துடிக்கவைக்க மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியும் வேண்டும். திருட்டுப் போய்விடும் என்று குழுவினர் அஞ்சுவதில் நியாயமுண்டு. அதற்காக அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளர் வீட்டுக்குக் கொண்டுபோனால் கருவி இருந்தும் பயனில்லை. எங்கள் தெருவில் ஆம்புலன்ஸுக்கு முன்னதாக வந்து நிற்பது தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் வண்டிதான். அதிலும் ஒன்றை வைத்து, காவலர்களுக்குப் பயிற்சி அளிக்கலாமே.

அடுத்த காவடிக்குள் தொண்டர்களில் இருபது பேருக்கேனும் பயிற்சி தர வேண்டும் என்று கோயில் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.